தலைக்கு ஒரு கிலோ

"தயாபரன் ஒவ்வொரு சனிக்கிழமையும் உன்ர அப்பாவைக் காரில ஏத்திக்கொண்டு போறார். பெத்த பிள்ளையள்கூட இப்பிடிச் செய்யாயினம்."

ஜெனீவாவில் யாரைக் கண்டாலும் சரணியாவுக்கு இதே பாட்டுத்தான். 'பெத்த பிள்ளையள்' என்ற இடத்தில் ஓர் அழுத்தம் வேறு. வேறு நகரமான லொசானில், வங்கி வேலையில் அவள் படுகிற பாடு இவர்களுக்குத் தெரியுமா?

எரிச்சல் தாங்காமல் இந்தச் சனிக்கிழமை அவளும் வந்து, அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரரான தயாபரனின் காரில் ஏறினாள்.

சுவிஸ் எல்லை தாண்டிப் பத்து நிமிடத்தில் அந்தச் சின்னப் பிரெஞ்சு ஊர். ஒரு தேவாலயம், ஒரு நகரசபைக் கட்டடம், பெரிய இறைச்சிக் கடை ஒன்று; விலை சுவிஸ் விலையில் பாதி. நின்ற கார்களில் பாதி ஜெனீவாக் கார்கள்.

அப்பா குலேந்திரனுக்கு முழங்கால் ஏலாது. நகரசபை முன் வாங்கில் உட்கார்ந்துகொண்டார். தயாபரனின் மனைவி சிவகலா அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தாள். ஓகஸ்ட் வெயிலில் மற்ற மூவரும் கடை வரிசையில் நின்றார்கள்.

"நீர் வந்தது நல்லதாப் போச்சு, பிள்ளை" என்றார் தயாபரன். "இண்டைக்கு நாலு கிலோ வாங்கலாம்."

"நான் வந்ததுக்கும் இறைச்சிக்கும் என்ன மாமா?"

"போடர்ல தலைக்கு ஒரு கிலோதானே விடுவாங்கள். நானும் மாமியும் ரெண்டு. உம்மட அப்பாவும் வந்தா மூண்டு."

சரணியாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"இதுக்கோ என்ர அப்பாவை இழுத்துக்கொண்டு திரியிறியள்? அவர் என்ன, உங்கட இறைச்சிக்குத் தலைக் கணக்கோ?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சத்தம் போடாதையும் பிள்ளை, சனம் பாக்குது" என்றாள் சிவகலா.

"பாக்கட்டும்! ஊரெல்லாம் உங்களைப் புண்ணியவான் எண்டுது. நான் பேச்சு வாங்கிறன்!"

அவள் விறுவிறுவென்று வாங்கடிக்குப் போனாள்.

"அப்பா, எழும்புங்கோ. பஸ்ஸில போவம்."

"ஏன், என்ன நடந்தது?"

"இவை பாசத்தில உங்களைக் கூட்டி வரேல்ல. ஒரு கிலோ இறைச்சி கூடக் கொண்டு போகத்தான்!"

குலேந்திரன் கோப்பியை ஒரு வாய் குடித்தார்.

"அது எனக்கு முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சும் வாறியளோ? உங்களுக்கு ரோசமே இல்லையோ அப்பா?"

அவர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"ஒரு கிலோ இறைச்சிக்காகவாவது வாரம் தவறாம என்ர கதவைத் தட்டுதுகள். இண்டைக்கு முதல் நீ அந்தக் கதவைத் தட்டினது தைப்பொங்கலுக்கு!"