ராணியின் கண்ணாடி

பெயர் வாயில் நுழையாத அந்த ஊரில், அன்றைக்கு அது மூன்றாவது மியூசியம். கால் இரண்டும் கடுத்தன. சுவரில் முந்நூறு வருஷத்துக் கண்ணாடி ஒன்று தனியாக மாட்டியிருந்தது. யாரோ ஒரு ராணி முகம் பார்த்ததாம். அதன் முன்னால் நின்று பொட்டை எடுத்தேன், கண்ணாடியில் ஒட்டினேன், கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தேன். வீட்டுக் குளியலறையில் தினமும் செய்கிற காரியம். கை தானாகச் செய்துவிட்டது. குனிந்தபோதுதான் தரையில், எனக்குப் பின்னால், தாண்டக் கூடாத மஞ்சள் கோடு தெரிந்தது.

ஓடிவந்து இவர் பக்கத்தில் நின்றேன்.

“கோமு, நெத்தி ஏன் காலியா இருக்கு?”

கண்ணால் காட்டினேன். இவர் முகம் வெளுத்துவிட்டது.

“ஒரே நிமிஷம். பிச்சு எடுத்துட்டு வந்துடுறேன்.”

“திரும்ப அதுல கையை வச்சே, நம்மள உள்ள தூக்கி வச்சிருவான். பேசாம நட.”

அதற்குள் மூலையில் காவலுக்கு இருந்த பெண் எழுந்து நேரே கண்ணாடியிடம் போனாள். இவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். நெட்டைப் பெண். பொட்டு அவள் மோவாய் உயரத்தில் இருந்தது. வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனவள், ஒன்றும் பேசாமல் இறக்கினாள். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். எங்களை அவள் கவனிக்கவில்லை. பிறகு, பொட்டு தன் புருவங்களுக்கு நடுவில் வந்து நிற்கும்வரை, முழங்காலை மெல்ல மடக்கினாள்.

அப்படியே நின்றாள். வயர்லெஸ்ஸில் யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.