பாங்குக்கு நின்ற விரல்கள்

சாய்ந்தமருதில் பாட்டுப் பதியும் கடை வைத்திருந்த றஸ்மியிடம், மௌத்தாகி அடக்கமாகிவிட்ட மச்சான் காலிதீன் கீபோர்டில் வாசித்த ஒரேயொரு மிடி ட்ராக் மிஞ்சியிருந்தது. மிடிக்குள் சத்தம் கிடையாது. எந்தக் கட்டையில், எந்த நொடியில், எவ்வளவு அழுத்தி விரல் விழுந்தது என்ற விபரம் மட்டுமே இருக்கும். கணினியிலுள்ள ஏதாவது வாத்தியத்தோடு இணைத்தால்தான் காதில் விழும்.

றஸ்மி அதைப் புல்லாங்குழலோடு இணைத்தான். பள்ளிவாசலில் பின்னேர அஸர் தொழுகைக்கான பாங்கு தொடங்கியதும் குழல் நின்றது. திரையில் ஓடிய கோடும் நின்றது. மறுநாள் மதிய லுஹர் பாங்குக்கு வயலினோடு இணைத்துப் பார்த்தான். அதுவும் நின்றது. காலிதீனும் அப்படித்தான், பாங்கு கேட்டால் கட்டையிலிருந்து கையை எடுத்துவிடுவார். ஆனால் பாங்கு முடிந்தும் அரை நிமிடம் கழித்தே வாசிப்புத் தொடர்ந்தது. அந்த அரை நிமிடம் மட்டும் றஸ்மிக்கு விளங்கவில்லை.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த மறுநாள் காலிதீனின் மனைவி, றஸ்மியின் கூடப்பிறந்த ராத்தா முஸ்பிறா, கடைக்கு வந்தாள்.

"சத்தம் வேணாம் தம்பி. எனக்குத் தாங்க ஏலா."

றஸ்மி வாத்தியத்தைக் கழற்றிவிட்டு ட்ராக்கை ஓடவிட்டான். விரல் விழும் ஒவ்வொரு முறையும் திரையோரத்தில் சிறு பச்சை விளக்கு மட்டும் மினுங்கியது. ராத்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டாள். விளக்கு அணைந்தது. பாங்கு முடிந்தும் எரியவில்லை. றஸ்மி மவுஸைத் தொடப்போனான்.

"பொறு தம்பி. பாங்கு முடிஞ்சதும் ஓதுற துஆவ ஓதாம அவர் தொடங்க மாட்டார்."

அவளும் கையேந்தினாள். ஓதி முடித்து முகத்தைத் தடவிக்கொண்டாள்.

விளக்கு மினுங்கத் தொடங்கியது.