புதுசுல கோடே இல்ல

ஒரு மாதமாக அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதிய மடிப்பு ஃபோன் வந்துவிட்டது. அவனிடம் இருப்பதோ போன வருடத்துப் பழசு. பல் தேய்க்கும்போதுகூட ரெண்டையும் ஒப்பிடும் வீடியோதான்.

இன்று மனைவியை இழுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டான். புதியதையும் தன்னுடையதையும் மேசையில் இப்படியும் அப்படியுமாக நகர்த்திக்கொண்டே இருந்தான்.

"ரெண்டும் ஒரே கறுப்பு, ஒரே அளவு. எதுக்கு இன்னொண்ணு?" என்றாள் மனைவி.

"உனக்கு என்ன தெரியும்?" பழசை இரண்டு கையாலும் பூப்போல விரித்தான். "தடவிப் பாரு, நடுவுல வாய்க்கால் மாதிரி பள்ளம்! இப்போ புதுசைப் பாரு. கோடே இல்ல. கீல் எவ்வளவு இறுக்கம்!" படக் படக்கென்று திறந்து மூடிக் காட்டினான்.

"சார், ஒரு நிமிஷம்..." என்றார் விற்பனையாளர்.

"பேசாதீங்க. இந்தப் பழசை எடுத்துக்கிட்டு பில்லைப் போடுங்க."

மனைவி தன் ஃபோனில் அவன் எண்ணை அழைத்தாள். அவன் கையிலிருந்த 'புதுசு' அலறியது.

"பள்ளம் விழுந்ததுதான் சார் எங்க புதுசு," என்றார் விற்பனையாளர். "டெமோ பீஸ். வர்றவங்க எல்லாரும் நாள் முழுக்கத் திறந்து மூடுறாங்க."

"இவர், மடிப்பு தேஞ்சுடும்னு ஒரு வருஷமா தன்னோடதைத் திறக்கவே இல்ல. எல்லாம் வெளித்திரையிலதான்," என்றாள் மனைவி.

அவன் முகம் வெளிறிவிட்டது.

"ஐயையோ! இப்ப இருபது தடவை திறந்து மூடிட்டேனே!"