மூடி தெரியாத சுவர்

"காசு வேண்டாம்மா. படுக்கையறைச் சுவரை மட்டும் ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்."

கருவிப் பையோடு வாசலில் நின்ற எலக்ட்ரீஷியனை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாங்க யாரையும் கூப்பிடலையே?"

"அந்த ரூம்ல ஃபேன் போட்டா லைட் மினுக்குதாம்மா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாரமாக மினுக்கத்தான் செய்கிறது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்குள் கணவன் முந்திக்கொண்டான். "பார்க்கட்டுமே. நாமளும் ஆள் தேடிட்டுத்தானே இருக்கோம்?"

இலவசம் என்றால் இந்த மனுஷனுக்கு வாயெல்லாம் பல்! முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனாள்.

வந்தவர் மெயினை ஆஃப் பண்ணினார். நேரே சுவரிடம் போய் ஒரே இடத்தில் விரலால் தட்டினார்.

"இங்க உடைக்கணும்மா."

"உடைக்கணுமா!"

இரண்டு வருஷம் முன்னால் இந்த வீட்டை வாங்கியதே அந்தச் சுவரைப் பார்த்துத்தான்.

"ஒரு டப்பா, ஒரு மூடி கண்ணுக்குத் தெரியுதா பாருங்க! எப்படி வழவழன்னு பூசியிருக்கான்! அவன்தான் நிஜமான வேலைக்காரன். உங்களுக்கு உடைக்க மட்டும்தான் தெரியும்."

அவர் குழந்தையின் கட்டிலை மெதுவாக நகர்த்திவிட்டு உளியை வைத்தார்.

நாலே தட்டு. பூச்சு பெயர்ந்தது. உள்ளே ஒரு ஜங்ஷன் பாக்ஸ். மூடியைக் கழற்றினார். ஒயர்களை முறுக்கிச் சேர்த்திருந்த இடத்தில் டேப் உருகி, எல்லாம் கரியாகிக் கிடந்தது.

அவள் குழந்தையின் தலையணையைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் அந்தக் கரிந்த டப்பாவுக்கு நேர் கீழேதான் இருந்திருக்கிறது.

கருகியதை வெட்டி எறிந்தார். புது கனெக்டர் போட்டு, புது மூடியைத் திருகினார்.

"பெயின்ட் அடிச்சுக்கோங்கம்மா. ஆனா மறுபடி மேல பூசிடாதீங்க. திறந்து பார்க்க வழி இருந்தாத்தான் உள்ளே சூடாகிறது தெரியும்."

"எந்தப் படுபாவி இதை உள்ளே வெச்சுப் பூசினது?"

அரை மணி நேரத்துக்கு முன்னால் வேலைக்காரனாக இருந்தவன் படுபாவியாகிவிட்டான்!

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அதில் ஒரு முகவரியைப் பேனாவால் அடித்தார். "இன்னும் ஏழு வீடு இருக்கும்மா."

"என்ன ஏழு வீடு?"

"இதே மாதிரி மூடினது. மூடி தெரிஞ்சா அசிங்கம்னு வீட்டுக்காரங்க சொல்லுவாங்க, அவனும் சரின்னு பூசிடுவான். போன மாசம் ஒரு வீட்டுல புகைஞ்சு மெத்தையில பிடிச்சுடுச்சு. நல்லவேளை, ரூம்ல யாரும் இல்லை. அன்னையிலேர்ந்து ஒவ்வொரு வீடா போய்த் திறந்துட்டிருக்கேன்."

"அப்ப அவனை உங்களுக்குத் தெரியும்! எங்க இருக்கான்னு சொல்லுங்க. நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டாத்தான் என் மனசு ஆறும்."

அவர் தோளில் மாட்டிய பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"கேளுங்கம்மா. எதிர்லதான் நிக்கிறேன்."