நாலாவது ஊசி

"கல்யாணம் ஒம் மகளுக்கா, ஒனக்கா?" என்று கேட்டு, வந்திருந்த உறவுக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். மகள் அபிதாவின் நிச்சயதார்த்தத்துக்கு, பவானி தன் இரண்டு உள்ளங்கையிலும் மருதாணியை அப்பியிருந்தாள். பூவும் இல்லை, கொடியும் இல்லை. மணிக்கட்டு வரைக்கும் ஒரே பூச்சு. பாதங்களிலும் அப்படியே.

பவானியும் சேர்ந்து சிரித்தாள். ஐம்பதை நெருங்கும் வயதிலும் இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல், அதில் நாலு முழம் மல்லிகை. பார்க்கிற யாருக்கும் அவளுக்கு ஒரு நோவு இருக்கும் என்று தோன்றாது. தோன்றக்கூடாது என்றுதான் அந்த மருந்தையே அவள் கேட்டு வாங்கியிருந்தாள்.

சினைப்பையில் புற்றுநோய் என்று மதுரை டாக்டர் சொன்னபோது, பிழைத்துவிடுவாளா என்று கேட்டார் புருஷன் சுருளிராஜன். பவானி கேட்டது ஒன்றுதான், முடி கொட்டுமா என்று. வழக்கமான மருந்தில் கொட்டும் என்றார் டாக்டர். இன்னொன்று இருக்கிறது, மருந்தைக் கொழுப்பால் ஆன நுண்ணிய உருண்டைகளுக்குள் அடைத்து ரத்தத்தில் விடுவோம், ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும், கட்டிக்குள் கசிந்து செல்லுக்குள்ளேயே மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றார். அதில் முடி அவ்வளவாகக் கொட்டாது. ஆனால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரியலாம்.

"கைய எப்பிடியும் மறைச்சுக்குவேன் சார். தலைய எங்கன மறைக்கிறது? அதையே போடுங்க" என்றாள் பவானி.

அபிதாவுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று பேச்சு கிளம்பிவிட்டால் ஒருவரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். அதனால் நாலு வாரத்துக்கு ஒருதரம் மதுரைக்குப் போவது முட்டிவலிக்கு என்று ஊருக்குச் சொன்னார்கள். அபிதாவுக்கும் அதுதான் தெரியும். நாலாவது ஊசி போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. இந்தத் தடவை கரண்டியைப் பிடித்தாலே கை நெருப்பாக எரிந்தது.

பத்து மணிக்கு வடுகபட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் பவானியின் ஊரான ஓடைப்பட்டிக்கு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை சசிதரனுக்குத் தேனியில் வங்கி வேலை. அம்மா ஹேமாவதி, புருஷன் போனபிறகு பூண்டு மண்டியை ஒற்றை ஆளாக நடத்துகிறவள். பஞ்சு மாதிரி மெத்தென்று ஒரு செருப்புப் போட்டிருந்தாள். அதைக் கழற்றாமலே கூடத்துக்குள் நடந்து வந்தாள்.

பெண் வீட்டார் முகம் சுருங்கியது. அம்மாவுக்குச் சர்க்கரை, வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று சசிதரன்தான் கூச்சத்தோடு சொன்னான். அவன் கண் அபிதா நின்ற பக்கமே போய்ப் போய் வந்தது. இரண்டு மாதமாக இருவரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஹேமாவதி அபிதாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, தன் கையாலேயே பூ வைத்துவிட்டாள். பிறகு பவானிக்குச் சந்தனம் கொடுக்க எழுந்தாள். மருதாணி நன்றாகச் சிவந்திருக்கிறதே என்று அவள் கையை வாங்கிப் பார்த்து, உள்ளங்கையில் கட்டைவிரலை அழுத்தினாள். பவானியின் கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. கண்ணில் நீர் முட்டிவிட்டது.

ஹேமாவதி சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பொண்ணோட சேலையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, பவானியை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டாள்.

"எத்தனாவது ஊசி, மதினி?"

பவானி இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஹேமாவதி கட்டிலில் உட்கார்ந்து, ஒரு செருப்பை மெதுவாகக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினாள். குதிகாலில் தோல் பாளம் பாளமாக உரிந்து, அடியில் ரோஸ் நிறத்தில் புதுத்தோல் தெரிந்தது.

"எனக்கு மார்ல. கோட்டயத்துல வைத்தியம் பாக்குறேன், இதே மருந்துதான். சசிக்கே தெரியாது. அவனுக்குக் கீழ ஒரு பொம்பளப்புள்ள இருக்கா, அவளக் கரையேத்துற வரைக்கும் தெரியவும் கூடாது."

பவானி அப்படியே அவள் தோளில் சாய்ந்து அழுதாள். நாலு மாதமாக யாரிடமும் அழாத அழுகை. ஹேமாவதி அவள் முதுகைத் தடவிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டாள். எங்கே வந்தது, எப்போது தெரிந்தது, பெத்த ஆத்தாவுக்கு இருந்ததா. பவானி ஒன்றையும் மறைக்கவில்லை. ஆத்தா வயிறு வீங்கி நாற்பத்தாறு வயதில் செத்ததையும், அக்காவும் அதேபோல் போனதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல நெஞ்சுப் பாரம் இறங்கியது. மகள் நல்ல மனுசி வீட்டுக்குத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

நல்ல நேரம் போகிறது, தட்டு மாற்ற வாங்க என்று வெளியே கூப்பிட்டார்கள்.

ஹேமாவதி செருப்பை மாட்டிக்கொண்டாள். தன் முந்தானையால் பவானியின் முகத்தைத் துடைத்து, கலைந்த பொட்டைச் சரிசெய்தாள். பிறகு குரல் உயராமல் பேசினாள். தன்னுடையது தாய், பிள்ளை என்று பரம்பரையாக வருகிற வகை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கமும் இருந்தால் பிறக்கிற பிள்ளைக்கு எது மிஞ்சும் என்றாள். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று தன் வாயால் சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கும், அதற்குப் பிறகு அபிதாவை இந்தப் பக்கத்தில் யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்றாள்.

 கூடத்தில் அபிதா எதற்கோ சிரிப்பது கேட்டது.

ஹேமாவதி தாழ்ப்பாளை நீக்கி, பவானிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"மாப்பிள்ளையப் பிடிக்கலைன்னு நீங்களே போய்ச் சொல்லிருங்க, மதினி."