கேள்வி மட்டும்

"பின்னால நிக்காவளே, அவிய யாருக்கா? மெட்ராஸ்லருந்து வந்திருப்பாவளோ?"

மாயகிருஷ்ணன் கேட்டதும் வெள்ளைத்தாய் திரும்பிப் பார்த்தாள். கூடத்தின் கடைசிச் சுவரில் சாய்ந்தபடி, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கைகட்டி நின்றிருந்தார். வந்திருந்தவர்களை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

"வாயத் தொறக்காம நிக்காவன்னா, நிதி குடுக்குத எடத்துலருந்துதான் வந்திருக்கணும்," என்றார் மாயகிருஷ்ணன். தொண்டு நிறுவனக்காரர்களுக்கு அது பழகிப்போன விஷயம். அப்படிப்பட்டவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போவார்கள். மூன்று மாதம் கழித்து, நிதி உண்டா இல்லையா என்று ஒரு பேக்ஸ் வரும்.

சேதி காதுக்குக் காது பரவியது. அதன்பிறகு எல்லாருடைய பேச்சிலும் கொஞ்சம் புத்தகத் தமிழ் ஏறிக்கொண்டது.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள சிறிய தொண்டு நிறுவனங்களின் தலைவர்கள் மாதம் ஒருமுறை அந்தப் பள்ளிக்கூடத்து மாடியில் கூடுவார்கள். ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்கிறவர்களுக்கு ஆறுதல் சொல்ல ஆளில்லையே என்று கிருஷ்ணகுமார் ஆரம்பித்த கூட்டம் அது. மாதம் ஒருவர் தன் மனபாரத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் புத்தி சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம்.

அன்றைக்கு வெள்ளைத்தாயின் முறை. அவள் பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் நிர்வாகக் குழு கூடும்போது கொடுத்துவிடுவதாக முடிவு செய்திருந்தாள். தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காக எட்டு ஊர்களில் மாலைப் பள்ளி நடத்தினாள். அவள் விலகினால் அவற்றை எடுத்து நடத்த ஆளில்லை என்பதும் தெரியும். தெரிந்தும் முடியவில்லை.

"பதினாறு வருசம் ஆச்சு," என்று தொடங்கினாள். "டீச்சரு பிள்ளைங்க முன்னால அழக் கூடாது. காய்ச்சல்னு படுக்கக் கூடாது. கோயிலுக்குப் போயி அம்மன் முன்னால நிக்குதேன், என்ன கேக்கன்னே தெரியல. எனக்கு என்னன்னா..."

"வேலையப் பிரிச்சுக் குடுங்கக்கா!" என்றார் ஒருவர்.

"மதுரையில தலைமைப் பயிற்சி நடக்குது, அஞ்சு நாளு," என்றார் இன்னொருவர்.

கிருஷ்ணகுமார் மேசையைத் தட்டினார். "கேள்வி மட்டும்! கேள்வி மட்டும்!"

"சரி, கேள்வியாவே கேக்குதேன்," என்றார் மாயகிருஷ்ணன். "நீங்க ஏன் வேலையப் பிரிச்சுக் குடுக்கக் கூடாது?"

எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைத்தாயும் சிரித்தாள். சொல்ல வந்ததை அதோடு விட்டுவிட்டாள்.

ஐந்து மணிக்குக் கூட்டம் முடிந்தது. "கீழ டீயும் வடையும் இருக்கு, வாங்கக்கா," என்று கூப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். அவளுக்கு நாற்காலியைவிட்டு எழுந்திருக்கத் தெம்பில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். படியில் ஆட்கள் ஏறுவதும் இறங்குவதுமாகக் காலடிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது.

கண்ணைத் திறந்தபோது கூடம் வெறிச்சென்று கிடந்தது. எதிரே அந்த வெள்ளைச் சட்டைக்காரர் நின்றிருந்தார்.

"முடிஞ்சிட்டாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அத்தனை பேர் இருந்த கூட்டத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. வெள்ளைத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

"இல்ல சார். இன்னும் இருக்கு."

"சரிக்கா. மெதுவா ஆகட்டும்." அவர் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய ஆள் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்து அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடிதத்தைப் பற்றியும் சொன்னாள். நடுவில் கீழே வண்டி ஹாரன் அடித்தது. "பொறுலே!" என்று ஜன்னல் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, "நீங்க சொல்லுங்கக்கா," என்றார்.

"எட்டு ஊருன்னீங்களே, எந்தெந்த ஊரு?" என்று கேட்டார் அவர்.

எப்போதும்வென்றான், பசுவந்தனை என்று ஊர் ஊராகச் சொன்னாள். ஊருக்கு ஒரு பிள்ளை ஞாபகத்துக்கு வந்தது. பசுவந்தனை இசக்கிசெல்வி, எழுத்துக் கூட்டக் கற்ற முதல் வாரமே பலசரக்குக் கடைக்குப் போய், "ஒம்ம போர்டுல ஒரு எழுத்துக்குக் கால் போடல அண்ணாச்சி," என்று கடைக்காரரிடமே சொன்ன கதையைச் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

அவரும் சிரித்தார். "அந்தப் பிள்ளைய இனி எப்பம் பாப்பீங்க?"

"திங்கக்கெழம சாயங்காலம், பள்ளியில," என்றாள் வெள்ளைத்தாய். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது; கடிதம் கொடுப்பதாக இருந்த அதே சாயங்காலம்.

பிறகு பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கைக்குள் வைத்துக் கசக்கினாள். அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நான் பேசுனத முழுசாக் கேட்டது நீங்க ஒருத்தர்தான் சார். ஆத்தாதான் ஒங்கள இங்கன அனுப்பியிருக்கா. நீங்க எந்த நிறுவனத்துலருந்து வந்திருக்கீங்க?"

அவர் கூச்சத்தோடு எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"வாடகைக் கடையிலருந்துக்கா. நீங்க எந்திரிச்சா, அந்த ஒரு சேரையும் வண்டியில ஏத்திருவேன்."