முப்பத்தொன்றாம் எண் படகு

1988இல் பழவேற்காட்டு இறால் கம்பெனி ஒன்றில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஏரிக்கரை எடைக் கொட்டகையில் மார்கரெட் படகு எண்ணை அடித்தால், கேபிள் வழியாக அது அலுவலகத் திரையில் வரும்.

ஆடியில் முப்பத்தொன்றாம் எண் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. அதில் போன நாலு பேரும் கிடைக்கவில்லை. அதன்பிறகு தினமும் காலை பத்து மணிக்குத் திரையில் குப்பை எழுத்துகளுக்கு நடுவே 31 வந்தது.

"செத்தவங்கள வெச்சு வெளையாடுறியா? இன்னொரு தடவ வந்துச்சுன்னா வேலைய வுட்டுப் போயிடு" என்றார் மேனேஜர்.

"நான் இன்னாத்துக்கு சார் அடிக்கப் போறேன்? அதுல போனது எங்க அண்ணன்!"

பொன்னேரியிலிருந்து வந்த மெக்கானிக் கௌஸ் மைதீன் கேபிளைப் பிரித்தார். உள்கம்பியைச் சுற்றியிருந்த செம்பு வலைக்கு எர்த்தே இல்லை.

"பத்து மணிக்குப் போடுற ஐஸ் மோட்டார் இரைச்சலெல்லாம் உள்ள பூந்து குப்பையா வரும். நீங்க எர்த் குடுக்காம, அந்தப் பொண்ணு மேல பழி போடுறீங்களே!" என்று சத்தம் போட்டுவிட்டு, உப்பு மண்ணில் ஆழமாகக் குழி வெட்டி எர்த் கொடுத்தார்.

மறுநாள் மேனேஜர் கொட்டகைக் கம்ப்யூட்டரை அணைத்து, கதவைப் பூட்டி, மார்கரெட்டை அலுவலகத்தில் தன் எதிரிலேயே நிறுத்திவைத்தார். பத்து மணிக்குத் திரையில் குப்பை எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கிலத்தில் ஒரே வரி சுத்தமாக வந்தது: படகு 31, ஆட்கள் 4, எடை போட யாருமில்லை.

மார்கரெட் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க சார். எவ்ளோ நேரம் அவங்கள நிக்க வெப்பீங்க?"